நாலே கால் அங்குலம்

செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ரொவீனா ஹாஸ்கெல் உள்ளே வந்து, கையிலிருந்த அட்டைப்பெட்டியைத் துணி வெட்டும் மேஜைமேல் வைத்தாள்.

"இது எனக்கு வராது லொரிண்டா. யாராவது கை சுத்தமா தைக்கிறவங்களுக்குக் குடுத்துருங்க."

பணமெல்லாம் திருப்பித் தர வேண்டாம், மகளுக்கு மே மாதம் பள்ளிப் பட்டமளிப்புக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். லொரிண்டா வாயைத் திறப்பதற்குள் கதவு மணி ஒலித்து அடங்கிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவளுடைய பழைய பிக்கப் வண்டி தானியக் கிடங்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

லொரிண்டாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. வில்லோ ஃபோர்க் ஊரில், முன்பு செருப்புக்கடையாக இருந்த இடத்தில், பதினோரு வருஷமாகக் குவில்ட் கடை நடத்துகிறாள். துண்டுத் துணிகளை வெட்டி, சேர்த்து, போர்வையாகத் தைக்கிறவர்களுக்கு வேண்டிய துணியும் நூலும் விற்கிறாள். எத்தனையோ பேர் பாதியில் விட்டிருக்கிறார்கள். ஆனால் யாரும் பெட்டியைக் கொண்டுவந்து இப்படி வைத்ததில்லை. அதுவும் ரொவீனா. முதல் தடவையாகத் தைக்க வந்தவள், கூச்சக்காரி, பேச்சே குறைவு. கிடங்கில் மக்காச்சோள லாரிகளை எடை போடுகிற வேலை.

அவளைக் கடைக்குள் இழுத்தது மர்மக் குவில்ட். வருஷா வருஷம் ஜனவரியில் லொரிண்டா ஆரம்பித்து வைக்கிற விளையாட்டு அது. மாதம் ஒரு காகிதம் தருவாள். இதை வெட்டு, இதைத் தை என்று அந்த மாத வேலை மட்டும் அதில் இருக்கும். கடைசியில் என்ன உருவம் வரும் என்று யாருக்கும் தெரியாது. முழுதாகத் தைத்த மாதிரிப் போர்வை கடையின் பின்சுவரில், வெள்ளைப் படுக்கைவிரிப்பு போட்டு மூடித் தொங்கும். வருகிறவள் எல்லாம் அந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கப் போவதும், கடையில் உதவிக்கு இருக்கும் நாத்தனார் மார்வா கையில் ஒரு அடி போடுவதும் வழக்கம்.

இந்த வருஷம் இருபத்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள். முப்பது மைல் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய கடை வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வரிசையாகத் தையல் மெஷின், காப்பி போடத் தனி ஆள், சோபா. அங்கே இல்லாத துணி கிடையாது. இங்கே இருப்பது பதினாறு அலமாரித் துணியும், தானே போட்டுக் குடிக்கிற காப்பியும், ஜன்னலோரம் நாலு நாற்காலியும்தான். இருந்தும் சனிக்கிழமை ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுகிற இருபத்தாறு பேர். அவர்கள்தான் கடை. அவர்கள் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பிவிட்டால் லொரிண்டா கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பெட்டியைத் திறந்தாள். ஜனவரிக் காகிதப்படி தைத்த பத்து நட்சத்திரக் கட்டங்கள். பிப்ரவரிக் காகிதப்படி, நாலு சதுரங்களைச் சேர்த்துத் தைத்த பத்து நாலுதுண்டுக் கட்டங்கள். மார்ச் காகிதம் இரண்டையும் மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லியிருந்தது. ரொவீனா அதைத் தொடவே இல்லை.

மூலைகள் ஒன்றோடொன்று அப்பழுக்கில்லாமல் சந்தித்தன. திருப்பிப் பார்த்தாள். தையலுக்குள் போகும் துணி கால் அங்குலம், ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. அம்மாடி, இவளா கை சுத்தமில்லாதவள் என்று வாய்விட்டே சொன்னாள். அளவுகோலை எடுத்து வைத்தாள். நட்சத்திரம் எட்டரை அங்குலம், சரி. நாலுதுண்டுக் கட்டம் எட்டு. அது எட்டரை இருக்க வேண்டும். இன்னொன்றை எடுத்தாள், எட்டு. பத்தையும் அளந்தாள். பத்தும் எட்டு.

கை தப்பினால் ஒன்று கூடும், ஒன்று குறையும். பத்தும் ஒரே அளவில் தப்புகிறதென்றால் அது கையின் தப்பு இல்லை. இழுப்பறையிலிருந்து பிப்ரவரிக் காகிதத்தை எடுத்தாள். "நாலே கால் அங்குலச் சதுரங்களாக வெட்டவும்" என்று அவளே தட்டச்சு செய்த எழுத்தில் அழகாக இருந்தது. நாலரை என்று இருந்திருக்க வேண்டும். மாதிரிப் போர்வையை அவள் எந்தக் காகிதத்தையும் பார்த்துத் தைக்கவில்லை. கை பழக்கத்தில் தைத்து முடித்துவிட்டு, அப்புறம் ஞாபகத்திலிருந்து எழுதினாள். எழுதியதை வைத்து ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம் தைத்துப் பார்த்திருந்தால் போதும். பதினோரு வருஷத் திமிர், வேறென்ன.

இருபத்தாறு பேரும் தப்பாக வெட்டிவிட்டார்கள். அந்தச் சதுரங்களுக்குக் கொடுத்த பச்சைப் பூத்துணி ஒரே தடவை அச்சாகி வந்தது, மறுபடி வெட்டிக்கொள்ளச் சொல்ல ஒரு முழம்கூட மிச்சம் இல்லை.

அதைவிட மோசமான விஷயம் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு வாரமாக ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து, கட்டம் பொருந்த மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஃபில்லிஸ் மூன்று தடவை பிரித்துத் தைத்துவிட்டாள். நெல்டா தன் மெஷினில் கோளாறு என்று, துணியை அமுக்கிப் பிடிக்கிற அழுத்துக்கால் புதுசாக வாங்கிப் போனாள். ஒருத்தியாவது, உன் காகிதம் தப்பு என்று சொன்னாளா? மாட்டார்கள். குவில்ட் தைப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. எது பொருந்தாமல் போனாலும் தன் கையைத்தான் திட்டிக்கொள்வார்கள்.

போன சனிக்கிழமை ரொவீனாவும் கேட்டாள். தன்னுடையது அரை அங்குலம் குறைகிறதே என்று மெதுவாகத்தான் கேட்டாள். ஜன்னலோர நாற்காலியிலிருந்து ஆர்டித் வாஸ் தலையைக்கூட நிமிர்த்தாமல், "என்னோடது கணக்கா வந்துச்சே," என்றாள். ஆர்டித் நாற்பது வருஷமாகத் தைக்கிறவள், மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு நீல ரிப்பன் வாங்கி வாங்கி அலுத்தவள். அதற்கு மேல் யார் பேச முடியும்? லொரிண்டாவும் ரொவீனாவின் தோளைத் தட்டி, "தையலைக் கொஞ்சம் பார்த்துக்கோ கண்ணு, புதுசுல அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லி அனுப்பினாள். அதை நினைத்ததும் முகம் சுட்டது.

அன்று மத்தியானம் முழுக்க மேஜையை விட்டு நகரவில்லை. காகிதத்தை வெட்டி வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மூன்று மணி சுமாருக்கு வழி பிடிபட்டது. நாலு சதுரங்களுக்கு நடுவே ஒரு அங்குலப் பட்டையைச் சிலுவையாக வைத்துத் தைத்தால், தையலுக்குப் போனது போக அரை அங்குலம் வெளியே தெரியும். கட்டம் சரியாக எட்டரை. பார்க்க ஜன்னல் சட்டம் மாதிரி இருந்தது, ஜன்னலுக்குப் பக்கத்தில் நட்சத்திரம். சத்தியமாக, முதலில் போட்ட வடிவத்தைவிட இது நன்றாகவே இருந்தது.

மார்வா எட்டிப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"ஏன் இப்படி உயிரை விடுற? ஏப்ரல் காகிதத்துல, நடுத்தையலைப் பிரிச்சு பட்டை வைங்கன்னு போட்டுரு. மர்மம்னுதானே பேரு. வேணும்னே வெச்ச திருப்பம்னு நெனச்சிட்டுப் போறாங்க."

"பிரிக்கச் சொன்னா திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க, சிரிச்சுக்கிட்டே திட்டுவாங்க. தப்புன்னு சொன்னா சிரிக்காம திட்டுவாங்க. அப்புறம் காரை எடுத்துட்டு நெடுஞ்சாலைக்குப் போவாங்க. உனக்கு எது வேணும்?"

மார்வா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. லொரிண்டா புதன்கிழமை உட்கார்ந்து அப்படியே தட்டச்சும் செய்தாள். "இதோ ஒரு திருப்பம்" என்று தலைப்புகூடப் போட்டாள். அச்செடுக்கப் போகும்போது மேஜை ஓரத்தில் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. திருப்பம் என்று சொன்னால் இருபத்தைந்து பேருக்கு எல்லாம் சரியாகிவிடும். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவளுக்கு? அவள் காலம் முழுக்கத் தனக்குத் தையல் வராது என்று நினைத்துக்கொண்டே லாரியை எடை போடுவாள். லொரிண்டா காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். வியாழக்கிழமை கடையை மார்வாவிடம் விட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள்.

காற்று ஆளைத் தள்ளியது. எடைமேடையில் ஒரு லாரி நின்றிருந்தது. சின்ன ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ரொவீனா எண்ணைச் சொன்னாள். ஓட்டுநர் கொஞ்சம் முறைத்தான், இன்னும் கூடுதலாக இருக்கும் என்றான். ரொவீனா குரலை உயர்த்தாமல் அதே எண்ணை மறுபடி சொன்னாள். அவன் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கடையில் வாயே திறக்காத ரொவீனாவா இது என்று லொரிண்டா நினைத்துக்கொண்டாள்.

உள்ளே போய், பெட்டியை வைத்து, நடந்ததைச் சொன்னாள். காகிதத்தையும் காட்டினாள். ரொவீனா கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். ஆனால் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நல்ல மனசு உங்களுக்கு. என்னைச் சமாதானப்படுத்த இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க."

"சமாதானம் இல்ல ரொவீனா. உன் பத்தும் எட்டு அங்குலம், ஒரு நூல் தப்பல. நான் எழுதினதுதான் தப்பு."

"அப்ப ஆர்டித்துக்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?"

அது லொரிண்டாவுக்கே புரியாமல்தான் இருந்தது. தெரியாது என்று உண்மையைச் சொன்னாள்.

அடுத்த லாரி மேடையேறியது. ரொவீனா எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டே பேசினாள். தான் நாலு தடவை அளந்தது, இரவெல்லாம் பிரித்தது, மகள் பார்த்துவிட்டு விடும்மா என்றது எல்லாம் சொன்னாள். கடையில் எல்லார் முன்னாலும் தோளைத் தட்டிப் புதுசு என்று சொன்னதையும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் லொரிண்டாவுக்குத் தாங்கவில்லை.

"இங்க என்கிட்ட தனியா சொல்றது பெரிசில்ல," என்றாள் கடைசியில். "இதையே ஆர்டித் முன்னாடி சொல்லுவீங்களா?"

"சனிக்கிழமை பத்து மணி. சொல்றேன். வா."

ரொவீனா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெட்டியையும் வாங்கிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மார்வா பெரிய பாத்திரத்தில், பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் காரமாகக் கொதிக்கவைத்த சில்லியும், ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரோலும் கொண்டுவந்து வைத்தாள். சண்டை போட வருகிறவர்கள் வயிறு நிறைந்து சண்டை போடட்டும் என்றாள். வேண்டாம் வேண்டாம் என்று மூன்று நாளாகத் தொண்டை வற்றச் சொன்னவள், எட்டரைக்கே வந்து நாற்காலி போட்டாள். அவள் அப்படித்தான்.

பத்து மணிக்கு இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். ரொவீனா இல்லை. லொரிண்டா கதவை ஒருமுறை பார்த்தாள். பத்து மணி என்று சொல்லியாயிற்று. வந்தாலும் வராவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். பின்சுவருக்குப் போய் வெள்ளை விரிப்பை உருவினாள். மாதிரிப் போர்வையைப் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். ஃபில்லிஸ் கைதட்டக்கூடச் செய்தாள்.

"தட்டாதீங்க," என்றாள் லொரிண்டா. "நான் குடுத்த காகிதத்தை வெச்சு இதை யாராலயும் தைக்க முடியாது."

பிப்ரவரிக் காகிதத்தைப் பெரிதாக நகலெடுத்து, நாலே காலைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தாள். அதைச் சுவரில் குத்திவிட்டு, எங்கே தப்பு, எப்படித் தப்பியது, ஏன் கவனிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு மணி ஒலித்தது. ரொவீனா, கிடங்கு ஜாக்கெட்டோடு, கதவை ஒட்டியே நின்றாள்.

லொரிண்டா நிறுத்தினாள். தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடி சொன்னாள். ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல். இந்தத் தடவை கதவைப் பார்த்துச் சொன்னாள். கேட்டவர்களிடம் தையலைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அவமானப்படுத்தி அனுப்பியதையும், அதில் ஒருத்தி பெட்டியையே திருப்பிக் கொடுத்துவிட்டதையும், அந்தப் பெட்டியால்தான் தப்பு தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

நெல்டாதான் முதலில் வாயைத் திறந்தாள். நான் வாங்கின அழுத்துக்கால் என்னாவது என்றாள். கோரா என்பவள், இரண்டு மாத உழைப்பு, விளையாட்டா இது என்று கேட்டுவிட்டு, மருமகளையும் கிளப்பிக்கொண்டு பையோடு எழுந்தாள். லொரிண்டா தடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டாள், கதவைத் திறந்துவிட்டாள். கார் நெடுஞ்சாலைப் பக்கமாகத்தான் திரும்பியது. வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது.

திரும்பி வந்து, பட்டை வைத்துத் தைத்த புதுக் கட்டத்தை, துணி தானே ஒட்டிக்கொள்வதற்காக ஃபிளானல் போர்த்திய சுவரில் ஒட்டிக் காட்டினாள். கடையில் எந்தத் துணியிலிருந்து வேண்டுமானாலும் பட்டை வெட்டித் தருவேன், பிரிக்கும் வேலையில் பாதி என்னுடையது என்றாள்.

அப்போதுதான் ஆர்டித் தொண்டையைச் செருமினாள்.

"என்னோடது சரியா வந்துச்சுன்னு அன்னிக்கே சொன்னேனே."

கதவருகே ரொவீனா அசையவில்லை. லொரிண்டா ஆர்டித்தின் பக்கம் திரும்பினாள். இருபது வருஷமாக இந்த ஊரில் யாரும் ஆர்டித்தை எதிர்த்துப் பேசியதில்லை.

"வந்திருக்க முடியாது ஆர்டித். நான் எழுதினபடி தெச்சிருந்தா வந்திருக்கவே முடியாது. பையில இருந்தா சுவத்துல வைங்க."

ஆர்டித் பையைப் பார்த்தாள், லொரிண்டாவைப் பார்த்தாள், பிறகு சிவப்பு மை சுழித்த காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து போய், தைத்து இணைத்த ஒரு வரிசையைச் சுவரில் விரித்தாள். இணைப்பு கச்சிதமாக இருந்தது. ஆனால் நட்சத்திரங்களுக்கு முனை இல்லை. நாலு பக்கமும் கால் கால் அங்குலம் நறுக்கி, நட்சத்திரத்தையே எட்டு அங்குலத்துக்குச் சின்னதாக்கியிருந்தாள். முனை மழுங்கிய நட்சத்திரம் என்பது இந்தப் பெண்கள் யாரும் வெளியே காட்டத் துணியாத ஒன்று. அதைச் செய்தது ஆர்டித்.

"கண்ணு போச்சுன்னு நெனச்சேன்," என்றாள். "அளவுகோல்ல கோடு தெரியல, வயசாயிடுச்சு, இனிமே முடியாதுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்ல வாய் வரல." ரொவீனா பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் பொண்ணு கேட்டப்ப எனக்கும் குறையுதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. ஃபில்லிஸ் தன் பையைத் திறந்து, பிரித்துப் பிரித்து நைந்துபோன கட்டத்தை ஆர்டித்தின் வரிசைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நெல்டா தன்னுடையதை ஒட்டினாள். நீராவி இஸ்திரி வைத்து இழுத்தது, தையலை மெலிதாக்கியது, ஓரத்தில் ஒட்டுப் போட்டது என்று ஒவ்வொன்றாகச் சுவரேறியது. ஐந்து நிமிஷத்தில் சுவர் நிறைந்துவிட்டது. அப்புறம் வாயும் திறந்துவிட்டது. நீயுமா, நீயுமா என்று கேட்டுக்கொண்டார்கள். யாரோ மஞ்சள் துணிச்சுருளை உருவி, பட்டைக்கு இது எப்படி என்றாள். அது மஞ்சளா, காமாலையா என்றாள் இன்னொருத்தி. மார்வா சில்லி ஊற்ற ஆரம்பித்தாள்.

லொரிண்டா பெட்டியிலிருந்து ரொவீனாவின் கட்டம் ஒன்றை எடுத்து நட்டநடுவில் ஒட்டினாள். இதைச் சுவரில் வைக்கலாமா என்று கேட்காமலே வைத்துவிட்டோமே என்று திரும்பினாள். ரொவீனா சுவருக்கே வந்துவிட்டிருந்தாள்.

"எல்லாரோடதும் வேற வேற அளவுல இருக்கு," என்றாள் ரொவீனா. "அளக்காம பட்டை வெட்டினா மறுபடி தப்பும்."

"அளக்கறியா?"

அளவுகோலை நீட்டினாள். ரொவீனா வாங்கிக்கொண்டாள்.

அவள் முன்னால் முதலில் வந்து நின்றது ஆர்டித். ஒரு நாலுதுண்டுக் கட்டத்தை வரிசையிலிருந்து பிரித்து மேஜைமேல் வைத்தாள். "இருக்கறத இருக்கற மாதிரி சொல்லு. எனக்காகக் கூட்டிச் சொல்லாதே."

ரொவீனா குனிந்து அளந்தாள். லாரிக்காரனுக்கு எண் சொன்ன அதே குரலில், எல்லார் காதிலும் விழும்படி, "சரியா எட்டு," என்றாள். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகல."

ஆர்டித் தலையை ஆட்டினாள். கட்டத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், மூக்கைச் சிந்திவிட்டு, தையல் பிரிக்கும் கத்தியைக் கையில் எடுத்தாள். மேஜைக்கு முன்னால் வரிசை துணி அலமாரி வரைக்கும் நீண்டிருந்தது. ரொவீனா ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பினாள்.

"அடுத்தது யாரு?" என்றாள்.